ரிஜெக்ட் பெட்டி சிங்கப்பூர் போகிறது

ஆடி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், காலை பத்து மணிக்கு, முதலாளி அண்ணாதுரை, ரப்பரை அச்சில் அழுத்துகிற பிரஸ் மிஷின்கள் நான்கையும் நிறுத்தச் சொல்லிவிட்டு ஒரு ஸ்டூல்மேல் ஏறி நின்றார். அந்த ஷெட்டில் மிஷின் நிற்பதென்றால் இரண்டே காரணம்தான். கரண்ட் போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆயுத பூஜையாக இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் நின்றதும், வேலை செய்துகொண்டிருந்த இருபத்தாறு பேரும் கை வேலையை விட்டுவிட்டு நிமிர்ந்தார்கள். தொண்ணூற்றொன்றாம் வருஷம் அது. இன்று இந்தக் கம்பெனியை மூடினார்கள், நாளைக்கு அந்தக் கம்பெனியை மூடுவார்கள் என்று டீக்கடையில் தினம் ஒரு பேச்சு.

"யாரும் பயப்படாதீங்க. மூடறதுக்கு ஏறல, ஒரு நல்ல சேதி சொல்லத்தான் ஏறினேன்" என்றார் அண்ணாதுரை.

மண்ணூர் ரோட்டோரம் தன் அப்பாவின் நெல் வயலில் ஒரு மூலையை மேடாக்கி, பதினோரு வருஷத்துக்கு முன்பு அவர் போட்ட ஷெட் அது. உள்ளே செய்வது ஆயில் சீல். வண்டி இன்ஜினிலிருந்து எண்ணெய் ஒழுகாமல் கவ்விப் பிடித்துக்கொள்கிற ரப்பர் வளையம். உள்ளே ஒரு இரும்பு வளையம், அதன்மேல் ரப்பர், நடுவில் எண்ணெயைத் தடுக்க மெல்லிசாக ஒரு உதடு. பார்த்தால் குழந்தையின் கை வளையல் மாதிரி இருக்கும். அது கொஞ்சம் கோணினாலும் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும்.

"மெட்ராஸ்ல சின்னத் தொழில் சங்கத்துல ஒரு டூர் போடறாங்க. சிங்கப்பூரு, மலேசியா, தாய்லாந்து. பதினாறு நாளு. டிசம்பர்ல. அங்கல்லாம் ரப்பர் கம்பெனி எப்படி நடத்தறான்னு பாத்துகினு வர்றதுக்கு. ஒரு கம்பெனிக்கு ரெண்டு பேரு. நானும் நம்ம மோகனும் போறோம்."

"மொதலாளி, மிஷின மட்டும் பாருங்க. வேற எதுனா பாத்தீங்கன்னு தெரிஞ்சிது, அம்மாகிட்ட நாங்களே சொல்லிருவோம்!" என்று செக்கிங் டேபிளிலிருந்து கங்கம்மாள் குரல் கொடுத்தாள். ஷெட் குலுங்கியது.

அண்ணாதுரையும் சிரித்துவிட்டுத் தொடர்ந்தார். "வெளிநாட்டு வண்டி கம்பெனிங்கல்லாம் இந்தப் பக்கம் வரப்போவுதுன்றாங்க. அவனுக்கு நூத்துல ஒண்ணு கெட்டாகூட ஆவாதாம். நமக்கு நூத்துக்கு எட்டு கெடுது. அந்த எட்டு ஏன் கெடுது, மத்த ஊர்க்காரன் அத எப்படி நிறுத்தறான், அத தெரிஞ்சிகினு வரணும். அதுக்குத்தான் இந்தப் பயணம்."

எல்லோரும் கை தட்டினார்கள். செக்கிங் டேபிளின் முதல் இடத்தில் உட்கார்ந்திருந்த லூர்தம்மாளும் தட்டினாள். அவள் கை கொஞ்சம் தாமதமாகத்தான் தட்டியது. நூற்றுக்கு எட்டு என்று மற்றவர்கள் சொன்னால் அது ஒரு கணக்கு. அவளுக்கு அப்படி இல்லை. ஷெட் போட்ட நாள் முதல், அந்த எட்டும் அவள் விரல் வழியாகத்தான் போயிருக்கின்றன. எது எப்படிக் கெட்டது என்று அவளுக்குத் தெரியும். கெடாமல் இருக்க என்ன செய்வது என்பதுதான் தெரியாது. உலகத்தில் எங்கோ அதைத் தெரிந்த ஒருத்தி தன்னைப் போலவே ஒரு டேபிளில் உட்கார்ந்திருப்பாள், அவளைப் பார்த்து ஒரு பத்து நிமிஷம் பேச வேண்டும் என்று அந்த நிமிஷம் லூர்தம்மாளுக்கு ஆசை வந்தது. வந்த ஆசையை அங்கேயே விழுங்கிவிட்டு அடுத்த பீஸை எடுத்தாள்.

அதன் பிறகு ஷெட்டில் பயணத்தைப் பற்றியே பேச்சு. அண்ணாதுரையின் அக்கா மகன் மோகன், ரப்பர் படிப்பில் டிப்ளமோ வாங்கியவன், இருபத்தாறு வயது. அறுபத்து நான்கு கேள்விகளை இங்கிலீஷில் டைப் அடித்து, பைண்டு போட்டு வைத்துக்கொண்டான். பூந்தமல்லி ஓட்டல் ஒன்றில் உட்கார்ந்து முள்கரண்டியால் தோசை தின்று பழகினான். அண்ணாதுரை ஸ்ரீபெரும்புதூரில் கோட்டு தைக்கக் கொடுத்தார். அவர் வீட்டுக்காரி சுந்தராம்பாள், பதினாறு நாளைக்குக் கெடாத புளிக்காய்ச்சல் எது என்று நான்கு விதமாகக் காய்ச்சிப் பார்த்தாள். நான்கையும் தின்று பார்த்தது ஷெட்டுக்காரர்கள்தான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மாதிரிப் பெட்டி. ஆசாரியிடம் சொல்லிச் செய்த தேக்குப் பெட்டி. உள்ளே நீல வெல்வெட். அதில் வட்ட வட்டமாக நாற்பது குழி. ஒவ்வொரு குழியிலும் ஒரு ஆயில் சீல். "நம்ம சரக்கப் பாத்துட்டு அவன் எழுந்து நிக்கணும்" என்றார் அண்ணாதுரை. ஆபீஸ் ரூம் கண்ணாடி அலமாரியில் பல வருஷமாக வைத்திருந்த பீஸ்களிலிருந்து நல்ல பளபளப்பாக நாற்பதைப் பொறுக்கி, விளக்கெண்ணெய் தொட்டுத் துடைத்து, மோகன் அதை அடுக்கினான். அடுக்கிவிட்டு, வரலட்சுமி நோன்புக்கு முந்தின நாள், பெட்டியை லூர்தம்மாளின் டேபிளில் கொண்டுவந்து வைத்தான்.

"லூர்து அக்கா, ஒரு தடவ கை வெச்சிப் பாத்துருங்க. உங்க கை படாம எதுவும் வெளிய போனதில்ல."

லூர்தம்மாள் முதல் பீஸை எடுத்தாள். கண்ணால் பார்க்கவில்லை. அவள் எப்போதும் பின்பக்கத்து ஓரத்தைத்தான் முதலில் தடவுவாள். தடவிய கட்டைவிரல் நின்றது. கீழே வைத்துவிட்டு இரண்டாவதை எடுத்தாள். மூன்றாவதை எடுத்தாள். பத்தாவதற்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்ததா, அழுகை வந்ததா, அவளுக்கே தெரியவில்லை.

இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டுமென்றால், அந்த டேபிளின் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரஸ்ஸிலிருந்து வருகிற பீஸின் ஓரத்தில் ரப்பர் கொஞ்சம் பிதுங்கி நிற்கும். அதற்குப் பெண்கள் வைத்த பெயர் மீசை. பாதி பிளேடால் மீசையை மழித்துவிட்டு, நல்லதை மூட்டைக்கும், கெட்டதை டப் என்கிற பிளாஸ்டிக் தொட்டிக்கும் பிரிப்பார்கள். கெட்டது தப்பித்தவறிக்கூட நல்லதோடு சேரக் கூடாது. அதனால் டப்பில் போடுமுன் பின்பக்கத்து ஓரத்தில் பிளேடால் சின்னதாக ஒரு வெட்டு. முன்னால் பார்த்தால் தெரியாது. கைக்குத் தெரியும்.

நல்ல சரக்கு ஒன்றுகூட உள்ளே தங்கக் கூடாது, அத்தனையும் சரக்கு வாங்குகிற பார்ட்டிக்குப் போக வேண்டும் என்பது அண்ணாதுரை முதல் நாளே போட்ட சட்டம். லூர்தம்மாள் அதை வேத வாக்காகக் காப்பாற்றினாள். அப்படியானால் ஆபீஸ் அலமாரிக்கு பீஸ் எங்கிருந்து போகும்? டப்பிலிருந்துதான்.

நாற்பதிலும் வெட்டு இருந்தது.

"மோகனு, மொதலாளிய கூப்புடு" என்றாள்.

அண்ணாதுரை வந்தார். அவள் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பி வைத்தாள். பன்னிரண்டு வரைக்கும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னவோ நினைத்துக்கொண்டவர்போல ஜேப்பில் கைவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். அதில் கோர்த்திருந்ததும் ஒரு ஆயில் சீல்தான். போன பொங்கலுக்கு டைரியோடு சேர்த்து எல்லாப் பார்ட்டிக்கும் அதே மாதிரி சாவி வளையம் கொடுத்திருந்தார். நூற்றைம்பது. பின்பக்கத்தைத் தடவினார். அவர் முகம் போன போக்கை நேராகப் பார்க்க முடியாமல் கங்கம்மாள் டேபிளுக்கு அடியில் குனிந்துகொண்டாள்.

"அடிப்பாவிங்களா! பத்து வருஷமா வரவன் போறவனுக்கெல்லாம் நான் ரிஜெக்டயா காட்டிகினு இருந்தேன்?"

"நல்லதுல ஒண்ணுகூட உள்ள இருக்கக் கூடாதுன்னு நீங்கதான் மொதலாளி சொன்னீங்க."

"சொன்னேன். இல்லன்னு சொல்லல." ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கோபமாக மூச்சு விட்டார். அப்புறம் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "சரி, போவட்டும். மோகா, நாளைக்கு புதுசா ஒரு லாட்டு போட்டு அதுல நாப்பது நல்லது எடுத்து வெச்சிரு. இதுங்கள எடுத்துக் கடாசு."

லூர்தம்மாளின் கை பெட்டியின் மேலேயே இருந்தது.

"மொதலாளி, ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"இதுங்களயே எடுத்துகினு போங்க."

மோகன் திடுக்கிட்டான். "அக்கா! ரிஜெக்ட எடுத்துகினு போயி ஃபாரின்காரன்கிட்ட காட்டறதா? மானம் போயிரும்."

"நல்லத காட்டினா அவன் இன்னா பண்ணுவான்? நல்லாகீதுன்னு சொல்லி, ஒரு டீய குடுத்து அனுப்பிருவான். கையி ஒடிஞ்சவன் டாக்டருகிட்ட போயி நல்ல கையவா நீட்டுவான்? நமக்கு எது கெடுதுன்னு தெரிஞ்சிக்கத்தானே போறீங்க. கெட்டத கொண்டுபோயி மூஞ்சிக்கி நேரா வெச்சி, இது எங்கள்து, இப்படி ஆவுது, உங்களுக்கு ஏன் ஆவலன்னு கேளுங்க. இதுல எல்லா நோவும் கீது. இதோ, இது காலையில போட்ட மொத ஈடு. அச்சு சூடு ஏறறதுக்கு முன்னாடி அவசரப்பட்டு போட்டுட்டாங்க, நகத்த அழுத்தினா குழி நிக்கிது. இது மழ நாள்ல போட்டது. இரும்புல ஈரம், ரப்பர் ஒட்டல. இது பழைய கலவை, நேத்து மீந்தத சேத்துட்டாங்க. மோந்து பாருங்க, தீஞ்ச வாசன வரும். இது கரண்ட் போயி வந்தப்ப அச்சுக்குள்ள இருந்தது. காதுகிட்ட வெச்சி உதட்ட தட்டினா மொண்ணையா சத்தம் கேக்கும்."

மோகன் நோட்டை எடுத்தான். அவள் சொல்லச் சொல்ல எழுதினான். ஏழாவதோடு நிறுத்திவிட்டு, "ஒரு நிமிஷம்" என்றான். நாற்பதையும் பெட்டியிலிருந்து கொட்டி, கலக்கி, குப்புறக் கவிழ்த்து, அவள் முன்னால் வைத்தான். முதலில் சொன்ன ஏழுக்கும் முன்பக்கத்தில், அவளுக்குத் தெரியாமல், சாக்பீஸால் புள்ளி வைத்திருந்தான். அவள் எடுத்தாள், அழுத்தினாள், முகர்ந்தாள், தட்டினாள். புள்ளி வைத்த ஏழையும் முன்பு சொன்ன அதே சொல்லில் சொன்னாள்.

நல்ல பையன் அவன். படித்திருந்தான், படிப்பு தலைக்கு ஏறவில்லை. நோட்டை மூடினான்.

"மாமா, நான் இத எழுதிகினு போயி அங்க படிக்கலாம். அவன் திருப்பி ஒரே ஒரு கேள்வி கேட்டான்னா நான் அம்போ. இவங்கதான் போவணும்."

கங்கம்மாள் பிளேடைக் கீழே வைத்தாள். அண்ணாதுரை லூர்தம்மாளைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"லூர்து, நீ ஏரோப்ளேன் ஏறுவியா?"

விழுங்கி வைத்திருந்த ஆசை திரும்ப மேலே வந்தது. "ஏணி வெச்சாங்கன்னா ஏறுவேன் மொதலாளி" என்றாள்.

வீட்டில் புருஷன் ரத்தினம் கேட்டதும் சோற்றுத் தட்டைக் கீழே வைத்தான். அம்பத்தூர் கம்பெனி ஒன்றுக்கு ஷிஃப்ட் பஸ் ஓட்டுகிறவன். உலகம் அவனுக்கு மண்ணூரில் தொடங்கி அம்பத்தூரில் முடியும்.

"இன்னாமே சொல்ற? எட்டாங்கிளாசு படிச்ச உன்ன சிங்கப்பூருக்கு கூப்புடறாங்களா?"

"எட்டாங்கிளாச கூப்புடலய்யா. கட்ட வெரல கூப்புடறாங்க."

ரத்தினத்துக்குப் பெருமைதான். முகத்தில் தெரிந்தது. ஆனால் கொஞ்ச நேரம் கழித்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "பதினாறு நாளு. அவரு ஆம்பள. நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. அத நீ யோசிச்சியா?" என்றான். அவளும் அதைத்தான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தாள்.

நோன்பு முடிந்த மறுநாள் சாயங்காலம் பதில் தானாகவே அவர்கள் குடியிருந்த சர்ச் தெருவுக்கு நடந்து வந்தது. சுந்தராம்பாள். அந்தத் தெருவுக்குள் அவள் அதுவரை காலெடுத்து வைத்ததில்லை. ஊரில் அவள் வீடு இருக்கிற பக்கம் வேறு, இந்தப் பக்கம் வேறு. வந்தவள் ரத்தினத்தின் வீட்டுக்குள் நுழைந்து, அவன் நாற்காலியைத் துடைப்பதற்குள் உட்கார்ந்து, லூர்தம்மாள் கொடுத்த காபியை வாங்கிக் குடித்தாள். தெருவே வாசலில் நின்று அதைப் பார்த்தது.

"தோ பாரு ரத்தினம்" என்றாள், தெருவுக்கும் கேட்கிற மாதிரி. "எங்க வூட்டுக்காரர நம்பி உன் பொண்டாட்டிய அனுப்பச் சொல்லி நான் கேக்க வரல. உன் பொண்டாட்டிய நம்பித்தான் எங்க வூட்டுக்காரர அனுப்பறேன். அந்த மனுசன் திருத்தணி கிருத்திகைக்கி போயி செருப்பு எங்க வுட்டோம்னு தெரியாம வெறுங்காலோட வந்தவரு. சிங்கப்பூருல தனியா வுட்டா பாஸ்போட்ட வுட்டுட்டு அங்கயே நிப்பாரு. லூர்து கூட போனா நான் நிம்மதியா தூங்குவேன். நீ இன்னா சொல்ற?"

ரத்தினம் சிரித்துவிட்டான். "நான் இன்னா அக்கா சொல்றது. பதினாறு நாளைக்கு எனக்கு ரசம் வெக்கத் தெரியணும், அவ்ளோதான்."

"புளிக்காய்ச்சலு நாலு டப்பா கீது. அனுப்பறேன்."

அதன்பின் யாரும் நாலு விதமாகப் பேசவில்லை. பேசினாலும் சுந்தராம்பாளுக்குக் கேட்கிற தூரத்தில் பேசவில்லை.

பாஸ்போர்ட்டுக்குப் பிறந்த தேதி அத்தாட்சி வேண்டும் என்றார்கள். பாதர் பழைய பதிவேட்டைப் புரட்டி ஞானஸ்நான சர்டிபிகேட் எழுதிக் கொடுத்தார். அதில் பார்த்தபோதுதான் லூர்தம்மாளுக்குத் தான் நினைத்துக்கொண்டிருந்ததைவிட இரண்டு வயது குறைவு என்று தெரிந்தது. "அதுவே லாபம்" என்றாள் கங்கம்மாள். பிறகு விசாரணைக்குப் போலீஸ்காரர் ஒருவர் சைக்கிளில் வந்தார். அந்த வருஷம் மே மாதத்துக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துப் போலீஸ் எதையும் ஒரு தடவைக்கு மூன்று தடவை கேட்டது. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

"எதுக்கும்மா வெளிநாடு போற? வீட்டு வேலைக்கா?"

"இல்லிங்க. ஆயில் சீல் பாக்க."

"கோயிலா?"

"வண்டியில எண்ணெ ஒழுகாம இருக்கறதுக்கு மாட்டறது சார். அங்க எப்படி செய்யறாங்கன்னு பாத்துட்டு வரணும்."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "என் புல்லட்டுலகூட ஒழுகுதும்மா, அதான் சைக்கிள்ல சுத்தறேன்" என்றார். கொண்டுவரச் சொல்லி, மாற்ற வேண்டியது எது என்று லூர்தம்மாள் காட்டிக்கொடுத்தாள். ரிப்போர்ட் நல்லபடியாகப் போனது.

ஆவணி, புரட்டாசி இரண்டு மாதமும் அவளும் மோகனும் சேர்ந்து தயார் செய்தார்கள். அறுபத்து நான்கு கேள்வியை அவன் தமிழில் படித்துக் காட்ட, அவள் ஒவ்வொன்றாகத் தள்ளினாள். "இத கேட்டு இன்னா பண்றது? அவன் எத்தன ஏக்கருல கட்டிகிறான்னு தெரிஞ்சா நம்ம மீச கொறையுமா?" கடைசியில் ஒன்பது நின்றது. அங்கே அதை இங்கிலீஷில் கேட்டு, பதிலை அவளுக்குத் தமிழில் சொல்வது அண்ணாதுரையின் பொறுப்பு. நாற்பது பீஸுக்கும் நாற்பது அட்டை எழுதினான். ஒவ்வொரு அட்டையிலும் பீஸின் நம்பர், இன்ன நோய் என்று இங்கிலீஷில் இரண்டு வரி. அவளுக்கு அதைப் படிக்க வராது. நம்பரும் பீஸும் மனப்பாடம். சும்மா போகிற வழியில் அவன், "இருவத்திமூணு?" என்பான். அவள் தலையைத் திருப்பாமல், "காத்து அடைச்சிகினது, ரெண்டாம் நம்பர் பிரஸ்" என்பாள். அவள் இல்லாதபோது டேபிளைக் கங்கம்மாள் பார்த்துக்கொள்வதென்று முடிவானது. அன்றிலிருந்து கங்கம்மாளின் வாய் பாதியாகக் குறைந்ததாக ஷெட்டில் பேச்சு.

ஆனால் எல்லாம் முடிவாகிவிடவில்லை. பெயரை மாற்றுவது சங்கத்தின் கையில் இருந்தது. ஐப்பசியில் கிண்டியில் ஒரு கூட்டம். பயணம் போகிற பன்னிரண்டு கம்பெனிக்காரர்களும் மாதிரிகளோடு வர வேண்டும், அங்கே போய் எப்படிப் பேசுவது என்று ஒத்திகை பார்க்க வேண்டும், பெயர்ப் பட்டியல் அன்றைக்கே டைப் ஆகும். மோகன் பெயரை எடுத்து லூர்தம்மாள் பெயரைப் போடுகிறார்களா இல்லையா என்பது அன்று தெரிந்துவிடும்.

அவள் கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு போனாள். பெட்டியை யாரிடமும் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

சங்கத்துச் செயலாளர் ராஜாமணி வெள்ளைச் சட்டையும் தங்கக் கம்பிக் கண்ணாடியுமாக இருந்தார். அண்ணாதுரை கொடுத்த கடிதத்தை இரண்டு தரம் படித்தார்.

"மிஸ்டர் அண்ணாதுரை, தப்பா எடுத்துக்காதீங்க. இது தொழிலதிபர்கள் போற டூர். அங்க மினிஸ்ட்ரி ஆளுங்ககூட மீட்டிங் இருக்கு. உங்க லேபரைக் கூட்டிக்கிட்டுப் போனா நம்ம சங்கத்தைப் பத்தி என்ன நினைப்பாங்க? டிப்ளமோ படிச்ச பையன் இருக்கும்போது இது எதுக்கு?"

"அந்தப் பையனே வந்திருக்கான். அவனையே கேளுங்க" என்றார் அண்ணாதுரை.

"நான் போறதவிட அவங்க போனா எங்க கம்பெனிக்கு நல்லது சார்" என்றான் மோகன். ராஜாமணி நம்பவில்லை. "சரி, சரி. ஒத்திகை முடியட்டும், பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீளமான மேஜைமேல் எல்லோரும் மாதிரிகளை வைத்தார்கள். கண்ணாடிபோல மின்னும் போல்ட்டுகள், பித்தளைப் பல்சக்கரங்கள். பக்கத்திலேயே மெட்ராஸின் பெரிய ரப்பர் கம்பெனி முதலாளி ஒருவர் ஆயில் சீல்களைக் கறுப்புப் பட்டில் பரப்பியிருந்தார். லூர்தம்மாளின் முறை வந்ததும் பெட்டியைத் திறந்தாள். நாற்பதும் குப்புறக் கிடந்தன. வெட்டு மேலே தெரிய அவளே அப்படி வைத்திருந்தாள்.

"இது எல்லாமே ரிஜெக்டுங்க" என்றாள்.

சிரிப்பு எழுந்தது. பெரிய கம்பெனி முதலாளிதான் முதலில் சிரித்தவர். "ஃபாரினுக்கு ரிஜெக்டை எடுத்துக்கிட்டுப் போறீங்களா? நல்ல பீஸே கிடைக்கலையா மண்ணூர்ல?"

அண்ணாதுரையின் காது சிவந்தது. லூர்தம்மாள் சிரித்த அந்த முதலாளியையே பார்த்து, "சார், உங்கள்து ஒண்ணு தரீங்களா? பாத்துட்டு குடுத்துர்றேன்" என்றாள்.

அவர் தாராளமாக ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவள் பின்னோரத்தைத் தடவினாள். நகத்தை அழுத்தினாள். முகர்ந்தாள். காதருகே வைத்து உதட்டைத் தட்டினாள். திரும்பத் தட்டினாள். அந்தக் கூடத்தில் அத்தனை பேரும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்ல கலவ சார். எங்கள்தவிட நல்ல கலவ. ஆனா இது அச்சுல இருக்கறப்ப கரண்ட் போயி வந்துகீது. மறுபடி சூடு ஏறறதுக்குள்ள எடுத்துட்டாங்க. எங்க டேபுளா இருந்தா இதுக்கு ஒரு வெட்டு போட்டுருப்போம்."

"என்னம்மா சொல்றீங்க? இது எங்க ஷோ பீஸ்" என்று அவர் சொல்லும்போதே, அவருக்குப் பின்னால் நின்ற மேனேஜர் மெதுவாக இருமினார். "சார்... இந்த லாட்டு செவ்வாய்க்கிழமை ரெண்டாவது ஷிஃப்ட்ல எடுத்தது. அன்னிக்கு முக்கால் மணி நேரம் கரண்ட் இல்லை சார்."

பெரிய முதலாளி அந்த பீஸை வாங்கித் தானே நகத்தால் அழுத்திப் பார்த்தார். குழி விழுந்து, நிதானமாக எழுந்தது. அவர் சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. கோபப்படுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"உங்க கம்பெனியில நூத்துக்கு எத்தனை போகுது?"

"எட்டு சார்."

கையிலிருந்த பீஸை மேஜையில் குப்புறக் கவிழ்த்து வைத்தார். "எங்களுக்குப் பதினொண்ணு" என்றார்.

அந்தச் சங்கத்தில் அதுவரை யாரும் அப்படி ஒரு எண்ணை வாய்விட்டுச் சொன்னதில்லை. எல்லோரும் நல்லதை மட்டுமே மேஜையில் வைத்துப் பழகியவர்கள். பித்தளைப் பல்சக்கரக்காரர் தொண்டையைச் செருமினார். "எங்களுக்குப் பதினாலு வரைக்கும் போயிடுது. ஏன்னே தெரியலை." இன்னொருவர் ஆறு என்றார், பிறகு, "சொல்றது ஆறு, நெஜம் ஒம்போது" என்று திருத்தினார். மேஜையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பேச்சு ஓடியது. பெட்டியைச் சுற்றிக் கூட்டம் கூடியது. இது எப்படி, அது ஏன் என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்க, லூர்தம்மாள் ஒவ்வொரு பீஸாக எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். தெரியாததைத் தெரியாது என்றாள். "அதத்தான் அங்க போயி கேக்கணும்" என்றாள்.

போய் என்ன கேட்பது என்று தெரியாமல் போகவிருந்தவர்களுக்கு அன்றைக்குத்தான் கேள்வி கிடைத்தது.

ராஜாமணி ஓரத்தில் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். பெரிய கம்பெனி முதலாளி அவரைத் திரும்பிப் பார்த்தார். "செயலாளர் சார், இந்தம்மா வராங்க இல்லையா? வரலைன்னா சொல்லுங்க, எங்க கம்பெனி பேர்லயாவது ஒரு சீட்டுல கூட்டிக்கிட்டுப் போறேன்."

"அதெல்லாம் குடுக்க முடியாது!" என்று அண்ணாதுரை கிட்டத்தட்டக் கத்திவிட்டார். "இவங்க எங்க ஆளு!"

கூடம் சிரித்தது. இந்த முறை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. ராஜாமணி டைப் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்தார். காகிதத்தைச் செருகிவிட்டு, அவளை நிமிர்ந்து பார்த்தார். காலையில் அவர் அவளைப் பார்க்கவே இல்லை.

"முழுப் பேர் சொல்லுங்கம்மா."

"ஆர். லூர்தம்மாள்."

"என்ன வேலைன்னு போடட்டும்?"

அண்ணாதுரை மேனேஜர் என்று போடச் சொன்னார். மோகன் அதைவிட நீளமாக ஏதோ இங்கிலீஷில் சொன்னான். லூர்தம்மாள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "செக்கிங்னே போடுங்க சார். அங்க இருக்கறவங்களுக்கு அது புரியும்" என்றாள். மிஷின் டக் டக்கென்று அடித்தது. அவள் அந்த எழுத்துகளைப் படிக்கவில்லை. ஒவ்வொரு தட்டும் நெஞ்சில் விழுந்தது.

திரும்பி வரும்போது பூந்தமல்லியில் பேரம்பாக்கம் பஸ் பிடித்தார்கள். நல்ல கூட்டம். அவளுக்கு மட்டும் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அண்ணாதுரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பொறுக்கவில்லை. யாரிடமாவது சொல்லியாக வேண்டும். கண்டக்டர் டிக்கெட் கேட்டு வந்ததும், "மூணு மண்ணூரு. தம்பி, தெரியுமா? இந்தம்மா எங்க கம்பெனி. அடுத்த மாசம் கழிச்சி சிங்கப்பூரு போவுது. வேல விசயமா!" என்றார்.

கண்டக்டர் பட்டுப் புடவையை ஒரு பார்வை பார்த்தான். விரலில் எச்சில் தொட்டு டிக்கெட்டைக் கிழித்தான்.

"சிங்கப்பூருக்கெல்லாம் இதுல டிக்கெட் இல்ல சார். வண்டி பேரம்பாக்கம் வரிக்கும்தான் போவும்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மோகனும் சிரித்தான். லூர்தம்மாள் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினாள்.

"பரவால்லப்பா, நீ மண்ணூருல எறக்கி வுடு. மத்த தூரத்த நான் பாத்துக்கறேன்" என்றாள்.